ஜீப்புக்குக் காட்டிய வீடு

யாகப்பு தன் வீட்டில் படுப்பதில்லை என்பது கொக்கிளாய்க் களப்பின் உப்புத்தண்ணீர்க் கரையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பெண்சாதி ஞானமலர் வீட்டைவிட்டுக் கலைத்துவிட்டாள் என்றார்கள் சிலர். குடி என்றார்கள் சிலர். கிறிஸ்து பிறந்த நத்தாரையும் கோயில் பெருநாளையும் விட்டால் யாகப்பு குடிக்கிற மனிதர் அல்ல. ஞானமலரும் கலைக்கவில்லை. வீடுதான் கலைத்தது. அதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள், பிள்ளைகளே? அந்தக் கரையிலேயே வடிவான வீடு அது.

சும்மா சொல்லக்கூடாது, வடிவுதான். றோட்டைப் பார்த்த முகம். பெரிய கண்ணாடி ஜன்னல்கள். காற்று வரவென்று ஓட்டைக் கல் வைத்துக் கட்டிய பக்கச் சுவர், அதன் அடியில் அயலவர் வந்திருந்து கதைக்க ஒரு சீமெந்து வாங்கு. உள்ளே அகலமான ஹோல், ரீவி வைக்கவென்று சுவருக்குள் குழித்த மாடம். குசினியில் நின்று சமைக்க இடுப்பளவு மேடை, அதற்கு வெள்ளை ரைல்ஸ். கொழும்பிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

களப்புப் பக்கம் மட்டும் வெறும் சுவர்.

முன்பு அவர்கள் இருந்தது தகரக் கொட்டிலில். ஒழுகும், வேகும், பாம்பு வரும். ஆனால் களப்புப் பக்கமாகக் கூரையைச் சாய்த்து ஒரு பத்தி இறக்கி இருந்தது, கொட்டிலின் முழு நீளத்துக்கு. கப்புத் தூண்களுக்கு இடையில் நண்டு வலையை இழுத்துக் கட்டுவார் யாகப்பு. ஒரு பக்கத்தில் அவர் இருந்து கிழிசல் பொத்த, மறுபக்கத்தில் ஞானமலர் நண்டு கழட்டுவாள். நண்டு கழட்டுவது பொறுமைக்கார வேலை. ஒவ்வொரு காலிலும் நூல் சுற்றிக் கிடக்கும். அவசரப்பட்டால் கால் முறியும், கால் முறிந்த நண்டை, வாங்க வருகிற கொம்பனிக்காரன் தள்ளிவைத்துவிடுவான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்கள் சண்டை பிடித்ததும் சமாதானமானதும் அந்த வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துதான். முகத்தைப் பார்க்காமல் கைவேலையோடு சொல்லக்கூடிய சொல்லு சிலது இருக்கிறது, பிள்ளைகளே. மேசைக்கு முன்னால் இருந்து அதைச் சொல்ல ஏலாது.

புது வீட்டில் வலைக்கு இடமில்லை. முன்பக்கத்தில் கட்டிப் பார்த்தார். சேறு வடிந்து வாங்கு நாறியது, றோட்டால் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பின்னால் ஒரு பத்தி இறக்கலாம் என்றால், வீட்டுத்திட்டத்தில் கையளித்த வீட்டில் குறித்த காலம்வரை எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சட்டம். வலை, கரையில் தொழில் சாமான் போடுகிற மீன்வாடிக்குப் போனது. வலை கிடக்கிற இடத்தில் எலி கடிக்கும், கள்ளன் வருவான். வலைக்குக் காவலாக யாகப்பு போனார். முதலில் இரவுக்கு மட்டும். பிறகு சோறும் அங்கேதான் என்றாகிவிட்டது.

இந்த வீட்டுக்குப் படம் கீறிய பிள்ளையைக் குறை சொல்லவும் மனம் வராது. யதுர்ஷிகா என்று பெயர். வவுனியாப் பிள்ளை. மற்றத் திட்டக்காரரைப்போல ஆயத்தப் படத்தோடு அவள் வரவில்லை. "நீங்கள் எப்பிடிச் சீவிக்கிறீங்கள் எண்டு பாத்துத்தான் வீடு கீறுவன். வீடு மனிசருக்குப் பொருந்தவேணும், மனிசர் வீட்டுக்கில்லை" என்று பாயில் சம்மணம் கட்டி இருந்து கேட்டாள்.

அவள் வருகிறாள் என்ற செய்தி அன்றைக்கு முதல்நாளே வந்திருந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது. வீட்டிலே தொழில் செய்கிறவர்களுக்கு வீட்டுத்திட்டம் கிடையாதாம் என்று ஒரு கதையைச் சங்கத் தலைவர் சீமாம்பிள்ளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலுக்கு வாசல் இறக்கிவிட்டுப் போனார். ஊர் முழுக்க வலை மறைந்தது. ஞானமலர் பத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அடுப்புக் கற்களைப் பூவரச மரத்தடியில் ஒளித்தாள். அயலில் இருக்கிற பறுனாந்து வீட்டு ரீவியைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தாள், தங்கச்சி வீட்டுக் கேஸ் அடுப்பை மேசையில் வைத்தாள். அதற்குச் சிலிண்டர் இல்லை. யாகப்பு கோயிலுக்குப் போகிற காற்சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடரும் பூசிக்கொண்டு இருந்தார்.

பகல் முழுக்க எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள் பிள்ளை. ஹோலில், ரீவி பார்ப்போம் என்றாள் ஞானமலர். சமையல்? கேஸில். பின்னேரத்தில்? அந்தப் பிள்ளையின் முகம் எதையோ ஆசையோடு எதிர்பார்த்தது; அதை ஏமாற்ற மனமில்லாமல், முன்னால் இருந்து அயலட்டையோடு கதைப்போம் என்றாள். பின்னேரத்தில் அந்தக் கரையில் எந்தப் பெண் முன்னால் இருந்திருக்கிறாள்? எல்லாரும் தோணி பார்த்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள்.

யதுர்ஷிகா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டபடியே கீறினாள்.

*

மாரி தொடங்கி வாடைக்காற்று இரைந்துகொண்டிருந்த ஒரு காலையில் சீமாம்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் மறுபடி வந்தது. வெள்ளை ரைல்ஸ் மேடையில் விறகு வைக்க ஏலாமல் ஞானமலர் பின்பக்கத்தில் ஒரு தகரத்துண்டைச் சுவரில் சாய்த்து, அதன் கீழே மூன்று கல் வைத்து ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஞானமலர் அக்கா, வியாழக்கிழமை ஜீப் வருது."

"வரட்டும். ஜீப் வாறதுக்கு நான் என்ன கோழி அடிக்கிறதே?"

"பகிடி விடாதையுங்கோ. வீட்டிலை சனம் எப்பிடி இருக்குது எண்டு பாக்க வருகினம். நல்லம் எண்டால் இதே மாதிரித்தான் அடுத்த வரிசை வீடும் கட்டுவினம். தைக்குப் பிறகு அத்திவாரம். உங்கடை மோள் நிரோசினியின்ரை வீடும் அதிலைதான்."

"இதே மாதிரியோ?"

"இதே மாதிரி. அச்சு அசல்."

ஞானமலர் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "தம்பி, இந்தக் குசினியிலை நான் ஒருநாள் சமைச்சதைக் கண்டனியே?"

"அதை ஏன் இப்ப கதைக்கிறியள்?"

"மருமோனும் நண்டுக்குத்தான் போறான். அவன்ரை வலையும் வாடிக்குப் போகும். அவனும் பின்னாலை போவான். என்ரை பிள்ளையும் என்னை மாதிரித் தனியத் தின்னுறதோ?"

"ஐயோ அக்கா, வாய் காட்டாதையுங்கோ. குறை சொன்னா, இந்தச் சனத்துக்கு நன்றி இல்லை எண்டு திட்டத்தை வேற இடத்துக்குத் தூக்கிக் குடுத்திடுவினம். அண்ணையை அண்டைக்கு வீட்டிலை நிப்பாட்டுங்கோ. அந்த அடுப்பையும் எங்கையாவது ஒளியுங்கோ."

சத்தம் கேட்டு நிரோசினி பக்கத்துக் காணியிலிருந்து வந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் இருக்கிற கொட்டிலின் கூரையில் தறப்பாள் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சீமாம்பிள்ளை போனதும் மகள் சொன்னாள்: "அம்மா, என்ரை வீட்டைக் கெடுத்துப் போடாதேங்கோ."

"நான் கெடுக்கிறனோ? உனக்காகத்தானடி சொல்லுறன்."

"எனக்காக எண்டால் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ராவு முழுக்கச் சட்டி வைச்சுத் தண்ணி ஏந்தினனான். பிள்ளைக்குச் சளி இழுக்குது. வலைக்கு இடமில்லையாம், அடுப்புக்கு இடமில்லையாம்! எனக்குச் சுவர் இருந்தாக் காணும். பூட்டுறதுக்கு ஒரு கதவு இருந்தாக் காணும்."

"கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை தனிய இருக்கப்போறியோ?"

"ஓம், இருப்பன். நனையாமல் இருப்பன்."

ஞானமலர் குனிந்து அடுப்பை ஊதினாள். விறகு புகைந்துகொண்டே இருந்தது. பற்றவில்லை.

*

சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனாள். யாகப்பு கவிழ்த்த பெட்டியில் இருந்து நண்டு கழட்டிக்கொண்டிருந்தார். காலடியில் முறிந்த கால்கள் குவிந்து கிடந்தன. தனியக் கழட்டுகிற கை, அப்படித்தான்.

"இவ்வளவும் முறிச்சுப்போட்டு இருக்கிறியள். கண் தெரியேல்லையோ?"

"கண் தெரியுது. பொறுமை இல்லை." அவர் நிமிரவில்லை. "என்ன கறி?"

"தின்னேக்கை தெரியும். வியாழன் வீட்டுக்கு வாங்கோ. ஜீப் வருதாம்."

"ஆரின்ரை வீட்டுக்கு?"

"நக்கலடிக்காதையுங்கோ. உங்கடை பேரிலைதானே எழுதிக் கிடக்கு."

"பேர் எழுதிக் கிடக்கிறதெல்லாம் என்ரையோ? இந்தத் தோணியிலை அந்தோனியார் எண்டு எழுதிக் கிடக்கு. அவரோ தொழிலுக்குப் போறார்?"

ஞானமலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வலையின் மறுபக்கத்தில் குந்தி ஒரு நண்டைப் பிடித்தாள். கை தன்பாட்டில் நூலைத் தேடிப் போனது.

"வாங்கோ எண்டு கேக்கிறன். அந்தக் காற்சட்டையைத் தோய்ச்சு வைக்கிறன்."

"எடி மலர், முந்தி ஒருக்கால் பவுடர் பூசிக்கொண்டு இருந்தனான். அதுக்குத்தான் இப்ப இஞ்சை எலியோடை படுக்கிறன். இன்னொருக்கால் பூசச் சொல்லுறியோ?"

"பிள்ளைக்காக."

அவர் கழட்டிய நண்டைக் கூடைக்குள் போட்டார். கால் எல்லாம் சரியாக இருந்தது. "அந்தப் பெட்டை வந்து கேக்கேக்கை நீ சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் சொல்லியிருக்கலாம். பக்கத்திலை பொம்மை மாதிரி இருந்தியள்."

"நீ ரீவி பாக்கிறம் எண்டாய். நான் உன்ரை சொல்லை மறிச்சுக் கதைச்சா நல்லாவோ இருக்கும், வந்தாக்களுக்கு முன்னாலை?"

இரண்டு பேருக்கும் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம். மழை வாடிக் கூரையில் ஊன்றி இறங்கியது. அது விடும்வரை இருவரும் நண்டு கழட்டினார்கள். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நல்ல நண்டு கூடை நிறைய இருந்தது.

*

வியாழக்கிழமை ரீவி வந்தது. பறுனாந்து வீட்டு அதே ரீவி. மாடத்தில் அளவெடுத்து வைத்ததுபோல இருந்தது. அந்த ரீவியை அளந்துதானே மாடம் குழித்தாள் யதுர்ஷிகா. அடுப்புக் கற்களைத் தூக்கி ஒளிக்க மட்டும் ஞானமலருக்கு மனம் வரவில்லை. தகரத்தை மேலே சரித்துவிட்டு வந்தாள்.

ஜீப்பில் யதுர்ஷிகாவும் அவள் வேலை செய்யும் கந்தோரின் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு வாங்கைத் தடவிப் பார்த்தார். சீமாம்பிள்ளை முந்திக்கொண்டு உள்ளே வந்து நின்றார். யாகப்பு காற்சட்டையோடு கதிரையின் நுனியில் இருந்தார், பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப்போல.

"எப்பிடி அன்ரி, வீடு பிடிச்சிருக்கோ?" யதுர்ஷிகாவின் முகம் மலர்ந்து கிடந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தவள்போலச் சுவரைத் தடவினாள்.

"நல்லம் பிள்ளை."

"குசினி?"

"நல்லம்."

"நல்ல துப்பரவா வைச்சிருக்கிறீங்கள். புகையே பிடிக்கேல்லை!"

"அக்கா அப்பிடித்தான். துடைச்சபடி இருப்பா" என்றார் சீமாம்பிள்ளை.

"அங்கிள், நீங்கள் கூட நேரம் எங்கை இருப்பீங்கள்?"

யாகப்பு மனைவியைப் பார்த்தார். ஞானமலர் நிலத்தைப் பார்த்தாள். "இஞ்சைதான்" என்றார் அவர்.

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. ஹோல் இருண்டது. பெரியவர் படம் எடுக்கத் தொலைபேசியை உயர்த்தி, வெளிச்சம் போதாது என்று தலையாட்டினார்.

"அங்கிள், அந்த லைற்றை ஒருக்கால் போடுங்கோவன்" என்றாள் யதுர்ஷிகா.

யாகப்பு எழுந்தார். வாசலடிச் சுவரைத் தடவினார். அங்கே இல்லை. ஜன்னல் பக்கம் போனார். அங்கேயும் இல்லை. மாடத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார். ரீவிக்குப் பின்னால் கையை விட்டார். களப்பில் கண்ணைக் கட்டிவிட்டாலும் தன் வலைக் கம்பைப் போய்ப் பிடிக்கிற மனிதர் தன் வீட்டுச் சுவரில் குருடனைப்போலத் தடவித் திரிந்தார். பின்கழுத்தில் வேர்வை வழிந்தது.

"அண்ணைக்குக் கொஞ்சம் மறதி..." என்று தொடங்கினார் சீமாம்பிள்ளை.

"விடுங்கோ!" ஞானமலரின் குரல் கீறிக்கொண்டு வந்தது. "மறதியில்லை. அவருக்குத் தெரியாது. அவர் இந்த வீட்டிலை இருக்கிறேல்லை."

"அக்கா பகிடி விடுறா..."

"நீ வாயைப் பொத்து, தம்பி. பிள்ளை, நீங்கள் இஞ்சாலை வாங்கோ."

யதுர்ஷிகாவின் கையைப் பிடித்து, வெள்ளைக் குசினிக்குள்ளால் பின்கதவைத் திறந்து மழைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். தகரத்தை நிமிர்த்தினாள். மூன்று கல்லும் நனைந்த சாம்பலும் கரிச்சட்டியும் கிடந்தன. சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி.

"இதுதான் என்ரை குசினி. உள்ளுக்கை கிடக்கிறது நீங்கள் பாக்கிறதுக்கு. ரீவி பறுனாந்துவின்ரை. இவர் வாடியிலை. எங்களிட்டை வலை இருக்கு பிள்ளை, நீட்டு நீட்டு வலை. அதை நீங்கள் காணேல்லை. நாங்கள் காட்டேல்லை."

யதுர்ஷிகா நனைந்துகொண்டே நின்றாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது.

"நான் கேட்டனான்தானே, அன்ரி! எல்லாத்தையும் கேட்டனான். ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டுதானே நான் பாயிலை இருந்து கேட்டனான். கேஸ் எண்டது நீங்கள். ரீவி எண்டது நீங்கள். நான் இந்த வீட்டை உங்களுக்காகத்தான் கீறினனான்."

"எங்களுக்கில்லை பிள்ளை. அண்டைக்கு இஞ்சை வந்து இருந்த வேற ஆக்களுக்கு."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நீங்கள் பாயிலை இருந்து கேட்டனீங்கள், சரி. ஜீப்பிலை எல்லோ வந்தனீங்கள். இடம்பெயர்ந்து முகாமிலை வரிசையிலை நிண்ட காலந்தொட்டு எங்களுக்குப் பழக்கம். ஜீப்பைக் கண்டால் அது என்ன கேக்க விரும்புதோ அதைச் சொல்லுவம். சொன்னாத்தான் தருவினம். அந்த வாயைக் கழட்டி வைக்க ஏலாமல் கிடக்கு."

யதுர்ஷிகா கண்ணைத் துடைத்தாள். மழையோ அழுகையோ. "அடுத்த வீடுகளுக்கும் படம் கீறி முடிஞ்சுது அன்ரி. இதை நான் சொன்னால் எல்லாத்தையும் நிப்பாட்டி முதலிலை இருந்து தொடங்கவேணும். தைக்கு வராது. எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாது."

குசினி வாசலில் தட்டோடு நிரோசினி நின்றாள். தன் கொட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்த தேத்தண்ணி. தட்டை அந்த வெள்ளை மேடையில் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு கோப்பை சரிந்து கொட்டியது. துடைக்காமல் போய்விட்டாள்.

*

யதுர்ஷிகா கந்தோரில் உள்ளதைச் சொல்லிவிட்டாள், அடுத்த வீடுகளின் படம் நிறுத்தப்பட்டது என்று சீமாம்பிள்ளைதான் வந்து சொன்னார். "இனி உங்கடை பத்தியிலையே இருங்கோ எல்லாரும்" என்று றோட்டில் நின்றபடியே கத்திவிட்டுப் போனார். கோயிலில் சில பெண்கள் ஞானமலருக்குப் பக்கத்து வாங்கில் இருக்கவில்லை. மகள் பேசவில்லை. குழந்தையை மட்டும் மருமகன் வின்சன் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனான். "அவவின்ரை கோவம் ஆறட்டும் மாமி" என்றான். ஆறவில்லை.

ஒருநாள் யதுர்ஷிகா தொலைபேசியில் கதைத்தாள். "திரும்ப வாறன் அன்ரி. பஸ்ஸிலை வாறன். எப்ப எண்டு சொல்லமாட்டன்" என்றாள். ஞானமலர் அதை மகளிடம் சொல்லப் போனாள். "வரட்டும், வரட்டும். அதுக்குள்ளை நாங்கள் மீனாகிடுவம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் நிரோசினி. அதுவும் தாய்க்குச் சொன்னதல்ல, குழந்தைக்குச் சொன்னது.

யாகப்பு ஒரு விடியலில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இனி ஆருக்கு ஒளிக்கிறது?" என்றார். ஒரு தலைப்பைப் பெரிய ஜன்னலின் கம்பியில் கட்டினார். ஹோலின் குறுக்கால் இழுத்து, மாடத்துக்கு முன்னால் கொண்டுபோய், மறு தலைப்பைக் குசினிக் கதவின் பிணைச்சலில் கட்டினார். படம் எடுத்த ஹோல் முழுக்கச் சேறு சொட்டியது. சட்டத்தில் இதைப்பற்றி ஒன்றும் இல்லை. ஒன்றையும் இடிக்கவில்லை, கட்டவும் இல்லை. குசினிக்குப் போகிறவர்கள் குனிந்து போகவேண்டும். ஞானமலர் ஒவ்வொரு முறையும் குனிந்து போய், ஒவ்வொரு முறையும் ஏசினாள். என்றாலும் இரவில் அவர் அந்த ஹோலிலேயே படுத்தார்.

நத்தாருக்கு முந்திய கிழமை முழுக்க மழை விடாமல் பெய்தது. களப்பு நிரம்பி நிரோசினியின் கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணீர். பின்னேரம், நனைந்த பாயோடும் குழந்தையோடும் அவள் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நண்டு கழட்டிக்கொண்டிருந்த இருவரையும் பார்க்காமல் வலைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, குழந்தையைக் காய்ந்த மூலையில் கிடத்தினாள். பிறகு தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். இருக்க வேறு இடமில்லாமல் வலையடியில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கையும் ஒரு நண்டைப் பிடித்தது.

வெளியே கறுத்துக்கொண்டு வந்தது. நூல் தெரியவில்லை. யாகப்பு எழுந்து சுவரைத் தடவினார். வாசலடி. ஜன்னலடி.

"இன்னும் பழகேல்லையோ?" என்றாள் ஞானமலர்.

"ஆர்தான் கண்டுபிடிப்பான் இதை?"

நிரோசினி திரும்பாமலே சொன்னாள்: "கதவுக்குப் பின்னாலை, அப்பா. கதவைச் சாத்திப்போட்டுப் பாருங்கோ."

அவர் கதவைச் சாத்தினார். லைற் எரிந்தது. மூன்று பேரின் முகத்திலும் வலையின் கண்ணி கண்ணியாக நிழல் விழுந்தது.

நிரோசினி நண்டின் காலிலிருந்து நூலைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். கோபம் இன்னும் குரலில் இருந்தது.

"அம்மா, அந்தப் பிள்ளை பஸ்ஸிலை வந்தா சொல்லுங்கோ. என்ரை வீட்டிலை சுவிச்சைக் கதவுக்குப் பின்னாலை வைக்க வேண்டாமாம் எண்டு."

"நீயே சொல்லு" என்றாள் ஞானமலர்.

"சொல்லத்தான் போறன்" என்றாள் மகள்.